தலைப்பில் கொட்டும் தண்ணீர், கடைசியில் சொட்டும் தண்ணீர்: கல்முனைக் கரையோரத்தின் குழாய் அழுத்தக் கணக்கு

எங்கள் ஒழுங்கையில் எனது வீடு பிரதான வீதியோடு இருக்கிறது. ராத்தாவின் வீடு ஒழுங்கையின் கடைசியில், கடற்கரைப் பக்கம். கடந்த வரட்சியில் ராத்தா இரவு இரண்டு மணிக்குக் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்து எழும்பி, வாளிகளையும் பெரிய பரலையும் நிரப்பிவிட்டுத்தான் மறுபடி படுத்தார். பகலில் அவரது பைப்பைத் திறந்தால் முதலில் காற்றுச் சத்தம், பிறகு நூல் போல ஒரு ஒழுக்கு. "தம்பி, உங்கட பக்கம் தண்ணி வருதா?" என்று கேட்பார். "வருது ராத்தா" என்பேன். அதற்குமேல் அதைப்பற்றி நான் யோசித்ததில்லை.

ஒருநாள் நடுச்சாமத்தில் மின்சாரம் போய், காற்றுக்காக வெளியே வந்தபோதுதான் சுவரோரமாகத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கூரைமேல் உள்ள தாங்கியின் வழிவுக் குழாயால் தண்ணீர் இறங்கி, தென்னையடி மணலுக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தாங்கிக்குள் இருக்கும் மிதவை வால்வின், எங்கள் பாஸ்மார் 'போல் வால்வு' என்று சொல்வதன், வாஷர் தேய்ந்திருந்தது. பகலில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது அது ஓரளவு அடைத்துக்கொண்டது. இரவில் அழுத்தம் ஏறியதும் தாங்கமுடியாமல் விட்டுவிட்டது. சில மாதங்களாக எனது தண்ணீர்ப் பட்டியல் கூடிக்கொண்டே வந்ததற்கு நான் கட்டண உயர்வைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ராத்தா தண்ணீருக்காக எழும்பியிருந்த அதே இரண்டு மணிக்கு என் வீட்டுச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த இரண்டும் தனித்தனிச் சம்பவங்கள் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரை. நள்ளிரவில் ஊர் பைப்புகளை மூடிவிடுவதால் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் ஒழுங்கையின் கடைசிக்குத் தண்ணீர் எட்டுகிறது. அதே அழுத்தம் தேய்ந்த வாஷர்களையும், வெடித்த பிளாஸ்டிக் குழாய்களையும், மண்ணுக்குள் இளகிய பொருத்துகளையும் நெருக்குகிறது. ஒழுக்கு மிக அதிகமாக இருப்பது நாம் தூங்கும் நேரத்தில்தான்.

நமது கரையோரத்துக்கு இது புதிய வகைப் பிரச்சினை. பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒரு மணல் பட்டியில் இருக்கின்றன. இந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. வாப்பாவின் காலத்தில் கைவாளியால் அள்ளியபோது கிணறு எப்போதும் நன்னீர்தான். போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடிய எவருக்கும் இது தெரியும். தமிழரோ முஸ்லிமோ, பாடசாலையிலோ பள்ளிவாசலிலோ கோயிலிலோ போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் தேடியது அங்கிருந்த கிணற்றைத்தான். கிணறு இருந்த வளவில் பத்துக் குடும்பம் இருக்கலாம், இல்லாத வளவில் ஒரு குடும்பமும் இருக்கமுடியாது என்பது அன்றைய கணக்கு.

2004 டிசெம்பர் 26 அந்தக் கணக்கை முடித்துவைத்தது. சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. உயிரோடு மிஞ்சியவர்களின் கிணறுகளில் கடல் புகுந்திருந்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் மோட்டர் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கீழிருந்த உப்புநீர்தான் மேலே ஏறியது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது மாரி மழைதான். ஆனால் அதற்குள் வேறு மாற்றங்கள் வந்துவிட்டன. கடலோரத்திலிருந்து பின்வாங்கிய குடும்பங்கள் இருந்த காணிக்குள்ளேயே நெருங்கின. ஒரு வளவில் மூன்று வீடு, மூன்று மலசலகூடக் குழி, நடுவில் ஒரு கிணறு. அந்தக் கிணற்று நீரை இன்று பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை. குடிப்பதற்குக் குழாய்நீர்தான் என்றாகிவிட்டது.

அந்தக் குழாய்நீரின் மூலம் எங்கே? நமது முதியவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல்லோயாதான். இங்கினியாகலையில் அணைகட்டி உருவாக்கிய சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் நீர், அம்பாறை கொண்டவட்டுவானில் சுத்திகரிக்கப்பட்டு, வயல்வெளிகளைக் கடந்து கரையோரத்துக்கு வருகிறது. அதே நீருக்கு உள்நாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல் காத்திருக்கிறது. கல்லோயா என்ற பெயரைக் கேட்டாலே 1956 ஜூனில் நடந்ததை நினைக்கும் வாசகர்கள் உண்டு. நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே கல்லோயாவில் நடந்த இன்னொன்றும் நினைவில் இருக்கவேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் நமது இன்றைய குழாய்ப் பிரச்சினையின் அச்சு அசல் அங்கே ஏற்கனவே நடந்திருக்கிறது.

கல்லோயா இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்ற விவசாயிகள். கடைசியில் தமிழ் பேசும் விவசாயிகள். தலைப்பில் இருந்தவர்கள் மடையைத் திறந்தபடியே விட்டார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, நாளைக்கு வருமா என்ற பயத்தால். கடைசிக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. 1981இல், குளத்தில் நீர் மிகவும் குறைந்திருந்த நேரத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களை வாய்க்கால் தோறும் அனுப்பின. விவசாயிகள் கூடிப் பேசினார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், மிச்சத்தைக் கீழே விட்டார்கள். சில வாரங்களுக்குள் கடைசிப் பகுதிக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் அம்பாறைப் பக்கம் தமிழர்மீது வன்முறை வெடித்தது என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். இதைப்பற்றி நோர்மன் அப்ஹொஃப் 1992இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

வாய்க்காலில் தலைப்பில் இருப்பவனுக்குத் தான் எவ்வளவு எடுக்கிறான் என்பது கண்ணுக்குத் தெரியும். கடைசியில் இருப்பவன் நடந்துவந்து சண்டை பிடிக்கவும் முடியும். வட்டவிதானை என்று ஒருவர் இருக்கிறார். குழாயில் இவை எதுவும் இல்லை. நான் தலைப்பில் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

இனி அழுத்தம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். தண்ணீர் 10 மீற்றர் உயரத்தில் நின்றால் அடியில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். உயரத் தாங்கியில் நீர்மட்டம் 25 மீற்றர் என்றால், அதன் அடிவாரத்து வீட்டின் பைப்புக்கு, யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில், 2.5 பார் கிடைக்கும். அதே வீட்டின் கூரைமேல் 6 மீற்றர் உயரத்தில் வைத்த தாங்கியிலிருந்து வந்தால் 0.6 பார்தான். அழுத்தம் நாலு மடங்கு கூடினால் ஒரே பைப்பால் வரும் நீர் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே வீதிக் குழாயோடு நேரடியாக இணைத்த பைப்பில் கைகழுவுகிறவர், தாங்கிப் பைப்பில் கழுவுகிறவரைவிட இரண்டு மடங்கு நீரைச் சிந்துகிறார். கை ஒரே அளவுதான் சுத்தமாகிறது.

ஒழுக்கில் இது இன்னும் கொடுமை. ஒன்றரை மில்லிமீற்றர் துவாரம், ஒரு தையலூசி போகும் அளவு. 3 பார் அழுத்தத்தில் அதனூடாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,200 லீற்றர் போய்விடும். மாதத்துக்கு 66 அலகு. 1 பாருக்கு இறக்கினால் அது 1,300 லீற்றராகக் குறையும். துவாரத்தை யாரும் தொடவே இல்லை, ஆனால் 900 லீற்றர் மிச்சம். பிளாஸ்டிக் குழாயில் விழுந்த வெடிப்பு என்றால் அழுத்தம் ஏறும்போது வெடிப்பே வாய் பிளக்கும். அங்கே அழுத்தத்தைக் குறைப்பதன் பலன் இதைவிடக் கூட.

எல்லோரும் சொல்லும் உபாயம் ஒன்று இருக்கிறது: மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள வால்வைப் பாதி மூடிவிடுங்கள். நானும் செய்து பார்த்தேன். பத்து லீற்றர் வாளி முன்னர் 34 செக்கனில் நிரம்பியது, வால்வை நெருக்கிய பிறகு ஒரு நிமிடத்துக்குமேல் எடுத்தது. நல்லதுதான். ஆனால் இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வால்வைப் பாதி மூடினால் குறைவது ஓட்டம், அழுத்தம் அல்ல. வீட்டில் எல்லாப் பைப்பும் மூடியிருக்கும் நள்ளிரவில், பாதி மூடிய வால்வுக்கு அப்பாலும் அழுத்தம் முழுதாக ஏறிவிடும். எனவே கைகழுவும்போது நீர் மிச்சமாகும், ஒழுகும் வாஷருக்கு எந்த விடுதலையும் இல்லை. அதோடு கேட் வால்வைப் பாதியில் வைத்தே விட்டால் அதன் தகடு அரித்து, பிறகு அவசரத்துக்கு மூடமுடியாமல் போகும். ஓட்டம் நின்றிருக்கும்போதும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்கென்று அழுத்தக் குறைப்பு வால்வு இருக்கிறது. விலை கூட. நமது அழுத்தத்துக்கு எல்லா வீட்டுக்கும் அது தேவையில்லை.

நமக்கு ஏற்ற வழி கூரைத் தாங்கிதான். பெரும்பாலான வீடுகளில் அது ஏற்கனவே இருக்கிறது. வீதிக் குழாயிலிருந்து வரும் நீர் தாங்கிக்குள் விழுந்த கணமே வீதி அழுத்தம் அங்கே இறந்துவிடுகிறது. அதன்பிறகு வீட்டுக்குள் இருப்பது தாங்கியின் உயரம் தரும் அழுத்தம் மட்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குசினியில் ஒரு பைப்பை நேரடி இணைப்பில் வைத்துக்கொண்டு, குளியலறை, மலசலகூடம், முற்றம் எல்லாவற்றையும் தாங்கிக்கு மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அந்த வீட்டின் முழுக் கண்ணியமும் மிதவை வால்வில் தங்கியிருக்கிறது. அது போனால் என் கதைதான். வழிவுக் குழாயைச் சுவருக்குப் பின்னால் ஒளிக்காமல், வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி இறக்கிவிடுங்கள். வெட்கத்துக்காவது திருத்துவோம்.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். படுக்குமுன் எல்லாப் பைப்பையும் மூடி, தாங்கி நிரம்பியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, மீற்றரில் உள்ள சிறு சில்லைப் பாருங்கள். அது சுழன்றால் எங்கோ போகிறது. எண்ணைக் குறித்துவைத்து சுபஹுக்கு எழும்பும்போது மறுபடி பாருங்கள். 2022இலும் 2023இலும் உயர்ந்த கட்டணத்துக்குப் பிறகு, அலகு கூடக் கூட விலையும் கூடும் முறையில், இந்த ஒழுக்கு பட்டியலின் மிக விலையுயர்ந்த பகுதியாகத்தான் வந்து விழும். எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. வாளியில் பிடித்துக் குளிப்பவருக்கும், மலசலகூடத் தொட்டி நிரம்புவதற்கும் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு நீர்தான். ஓடவிட்டுப் பாவிக்கும் இடங்களிலும் ஒழுகும் இடங்களிலும்தான் வித்தியாசம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விடயம். அழுத்தம் குறைந்த வீடுகள் தற்காப்புக்கு என்ன செய்கின்றன? வீதிக் குழாயிலேயே நேரடியாக மோட்டரைப் பூட்டி இழுக்கின்றன. ஒருவர் பூட்டினால் பக்கத்து வீட்டுக்கு வருவதும் நின்றுவிடும், அவரும் பூட்டுவார். பிறகு மோட்டர் இல்லாதவர் மட்டும்தான் தண்ணீர் இல்லாதவர். வழக்கமாக அது விதவையின் வீடு, அல்லது வாடகை வீடு. ராத்தா மோட்டர் பூட்ட மறுத்தவர், அதனால்தான் அலாரம்.

அநியாயம் என்பதைவிட இது ஆபத்து. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஒழுக்கு வெளியேதான் போகும். மோட்டர் இழுத்து அழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே போனால் அதே துவாரம் வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சும். நமது மணலில் குழாயைச் சுற்றி இருப்பது என்ன? மூன்று வீட்டின் மூன்று குழிகளிலிருந்து கசியும் நீர். மாரியில் வெள்ளம் நிற்கும்போது சொல்லவே வேண்டாம். அழுத்தம் கூடுவது விரயம், அளவுக்குமேல் குறைவது நோய். இதனால்தான் தண்ணீரைச் சேமிக்க நேரம் வைத்து மூடித் திறப்பதை நான் ஆதரிப்பதில்லை. மூடும்போதெல்லாம் குழாய் வெறுமையாகிறது. மக்களோ பயத்தில் எல்லாப் பாத்திரத்திலும் பிடித்துவைத்து, புதுத் தண்ணீர் வந்ததும் பழையதை ஊற்றிவிட்டு மறுபடி பிடிக்கிறார்கள்.

வீடுகள் மட்டும் திருந்தினால் போதும் என்பது அதிகாரிகளுக்கு வசதியான பேச்சு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நாடு முழுவதும் வழங்கும் நீரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குக் கட்டணம் வருவதில்லை. ஒழுக்கும், களவும், பழுதான மீற்றரும் அதற்குள் அடக்கம். அந்தக் கால் பங்கை வீட்டு வாஷரால் நிறுத்தமுடியாது. ஊரை வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்தின் வாயிலிலும் மீற்றரும் அழுத்தக் குறைப்பு வால்வும் வைத்து, இரவில் இறக்கி, காலையில் ஏற்றவேண்டும். கல்முனை போன்ற தட்டையான, நெருக்கமான ஊருக்கு இது கடினமான வேலை அல்ல.

செய்து காட்டிய இடம் இருக்கிறது. தென்னாபிரிக்காவின் கேப்டவுனுக்கு அருகே கயெலிட்ஷா, நிறவெறி ஆட்சி 1980களில் கறுப்பின மக்களை ஒதுக்கிக் குடியமர்த்திய நகர்ப்புறம். மலிவான பொருத்துகள் போட்ட வீடுகள், இரவுபகல் முழு அழுத்தம். ஊர் தூங்கும் நேரத்தில் மணிக்கு 1,600 கனமீற்றர் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவும் ஒழுகும் மலசலகூடங்களிலும் பைப்புகளிலும்தான். 2001இல் நுழைவாயிலில் அழுத்தக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றை அமைத்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் கனமீற்றர் மிச்சமானது, வழங்கிய மொத்த நீரில் சுமார் 40 வீதம். எந்த வீட்டுக்கும் தண்ணீர் நிறுத்தப்படவில்லை.

அதே கேப்டவுனில் பின்னர் நடந்த மற்றதையும் சொல்லவேண்டும். 2007 தொடக்கம் ஏழை வீடுகளின் இணைப்பில் ஒரு கருவியைப் பூட்டினார்கள். நாளொன்றுக்கு 350 லீற்றர் முடிந்ததும் அது தானாக மூடிவிடும். ஒரே வளவில் மூன்று குடும்பம் இருந்தால் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பணக்காரப் பகுதியின் நீச்சல் தடாகங்களுக்கு அப்போது அப்படிக் கருவி இருக்கவில்லை. மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அழுத்தத்தைச் சமப்படுத்துவது வேறு, இல்லாதவனின் கழுத்தை நெரிப்பது வேறு. நமது ஊரில் பிரதேச செயலக எல்லைக்கே இத்தனை வருடச் சண்டை. வால்வை எங்கே வைப்பது, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு மூடிய அறையில் முடிவானால் அதுவும் இனக் கணக்காகிவிடும். எந்த வலயத்துக்கு எந்த நேரம் எவ்வளவு அழுத்தம் என்பதை பள்ளிவாசல் பலகையிலும் கோயில் வாசலிலும் ஒட்டவேண்டும். பாண்டிருப்பு வீடு மருதமுனை வீட்டின் எண்ணை வாசிக்க முடியவேண்டும்.

பள்ளிவாசல் என்றதும் ஒன்று. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வுழூச் செய்வது ஹவுழில். கையால் அள்ளுவோம், அள்ளிய அளவுதான் செலவு. இப்போது வரிசையாகப் பைப்புகள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒரு முத்து என்பது முக்கால் லீற்றருக்கும் குறைவு. எங்கள் பள்ளியில் ஒருநாள் அசருக்கு முன் ஒரு பைப்பின் கீழ் வாளி வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஏழு லீற்றர். ஒருவர் நிதானமாக இரண்டு நிமிடம் எடுத்தால் 14 லீற்றர், இருநூறு பேருக்கு 2,800 லீற்றர், ஒரு வக்துக்கு. ஒவ்வொரு பைப்பின் அடியிலும் உள்ள சிறு வால்வைப் பாதிக்குத் திருகிவிட்டால் 1,400. நிர்வாகத்தில் உள்ள ஒரு காக்காவிடம் சொன்னேன். "தண்ணி மெல்ல வந்தா சனம் ஏசும் மகன்" என்றார். பிறகு அவரே கடைசி நாலு பைப்பை மட்டும் திருகி வைத்திருக்கிறார். யாரும் ஏசியதாகத் தெரியவில்லை, கவனித்ததாகவும் தெரியவில்லை.

என் வீட்டு வாஷர் மாற்ற அதிகம் செலவில்லை. அதன்பிறகு ராத்தாவின் பைப்பில் எந்த மாற்றமும் இல்லை. இருபத்திரண்டு வீட்டு ஒழுங்கையில் ஒரு வாஷரால் என்ன ஆகும்? ஆறு வீட்டுத் தாங்கிகளை நானும் மருமகனும் ஏறிப் பார்த்தோம், இரண்டில் அதே வழிவு. மோட்டர் பூட்டிய நாலு வீட்டில் ஒருவர் கழற்றினார், மூவர் "முதலில் அவர் கழற்றட்டும்" என்கிறார்கள். இதற்கிடையில் மாரி தொடங்கி, இப்போது ராத்தாவுக்குப் பதினொரு மணிக்கே தண்ணீர் வருகிறது. மழையாலா, வாஷராலா என்று என்னால் சொல்லமுடியாது. இரண்டு மணி அலாரத்தை ராத்தா இன்னும் நிறுத்தவில்லை.